சத்தத்தை நிறுத்திட்டா என்ன மிஞ்சும்? பழைய ஐரோப்பியக் காதல் படங்கள்

ஜூலை 20, இரவு 10.15 (கேள்வி, வாசகர் ஒருவரிடமிருந்து)

பழைய பிரெஞ்சுப் படம், ஸ்வீடன் படம்னு எல்லாரும் உருகுறீங்க. நானும் நாலு பார்த்தேன். கதை ஒரு வரி. மீதியெல்லாம் நல்ல வெளிச்சம், அழகான முகம், பின்னாடி வயலின். மியூட்ல போட்டா சுவத்துல மாட்டுற காலண்டர்தான். இல்லைன்னு யாராவது நிரூபிங்க பார்ப்போம்.

ஜூலை 20, இரவு 11.50

நிரூபிக்கிறதெல்லாம் பெரிய வார்த்தை. சோதிச்சுப் பார்க்கலாம். எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங், திருச்சியில. ஆடி பிறந்துடுச்சு, முகூர்த்தம் கிடையாது. வைகாசி, ஆனி பாக்கியை முடிச்சுட்டா ராத்திரியில சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொண்ணா மியூட்ல ஓட்டிப் பார்த்துட்டு வந்து எழுதறேன்.

ஒண்ணை இப்பவே ஒத்துக்கறேன். சுமாரான ஷாட்டுக்கு மேல நல்ல பாட்டைப் போர்த்திட்டா யாருக்கும் தெரியாது. பதினாறு வருஷமா அதுலதான் சோறு தின்னுட்டிருக்கேன். அதனால தம்பி கேட்டது குதர்க்கம் இல்லை.

ஜூலை 22, இரவு 1.30

முதல் படம் 'பிரீஃப் என்கவுன்டர்', 1945, இயக்குநர் டேவிட் லீன். வியாழக்கிழமை தோறும் கடைகண்ணிக்கு டவுனுக்கு வர்ற ஒரு குடும்பத் தலைவி. அதே வியாழனில் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒரு டாக்டர். ரெண்டு பேருக்கும் வீடு, வாசல், பிள்ளைகள் உண்டு. ரயில்வே ஸ்டேஷன் டீக்கடையில பழக்கமாகுது. அவ்வளவுதான் கதை, தம்பி சொன்ன ஒரு வரி.

மியூட்ல போட்டதும் முதல் அரை மணி நேரம் நான் தோத்துட்டேன். படம் முழுக்க அந்தப் பெண் லாரா மனசுக்குள்ள புருஷனிடம் சொல்ற வாக்குமூலம். அந்தக் குரலை எடுத்துட்டா யார் எங்க போறாங்கன்னே புரியலை. ஆனா கொஞ்ச நேரத்துல வேற ஒண்ணு ஆரம்பிச்சுது. லாராவா நடிச்ச சீலியா ஜான்சனுடைய கண்ணு. அவ்வளவு பெரிய கண்ணை வெச்சுக்கிட்டு அந்தம்மா அதை உருட்டவே மாட்டேங்கிறாங்க. ஒரு ரயில் போகும்போது அதோட ஜன்னல் வெளிச்சம் வரிசையா முகத்து மேல ஓடுது: வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. ஒளிப்பதிவு ராபர்ட் க்ராஸ்கர். அவங்க பிளாட்பாரத்துக்கு ஓடற இடத்துல கேமரா மெல்ல ஒருபக்கம் சாயுது, டீக்கடையே சரிஞ்சு விழற மாதிரி. இதுக்கெல்லாம் வயலின் தேவைப்படலை.

பிரியற காட்சியை மட்டும் மூணு தடவை பார்த்தேன். கடைசி அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் மேஜையில உட்கார்ந்திருக்காங்க. அந்த நேரம் பார்த்து தெரிஞ்ச அம்மா ஒருத்தி வந்து உட்கார்ந்து வாய் ஓயாம பேசறா. டாக்டர் எழுந்திருக்கிறார். லாராவோட தோள்ல ஒரு கை, லேசா ஒரு அழுத்து, போயிட்டார். இந்தக் காட்சி படத்துல ரெண்டு தடவை வருது. தொடக்கத்துல நமக்கு அவங்க யாருன்னே தெரியாது, அந்தக் கையை யாரும் கவனிக்க மாட்டோம். கடைசியில அதே கை திரும்ப வரும்போது வயித்தைப் பிசையுது. சத்தமே இல்லாம எனக்குப் பிசைஞ்சுது, தம்பி.

ஜூலை 23, காலை

இப்ப சத்தத்தோட பார்த்தேன். பின்னணி முழுக்க ராக்மானினாஃபின் ரெண்டாவது பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கிற இசை. 1901-ல முடிச்ச இசை, படத்துக்காக எழுதினது இல்லை. வாசிச்சது ஐலீன் ஜாய்ஸ்.

நேத்து எழுதினப்ப ஒண்ணை மறந்துட்டேன். அந்த இசை மேலேயிருந்து ஊத்தினது கிடையாது. லாரா வீட்டுக்கு வந்து, ரேடியோவைத் திருகித் திருகி, அந்த இசை கிடைச்ச இடத்துல நிறுத்தறா. எதிர்ல புருஷன் ஃப்ரெட் குறுக்கெழுத்துப் போடறார். கீட்ஸ் கவிதையில, ஆங்கிலத்துல ஏழெழுத்து வார்த்தை ஒண்ணு வேணும்னு கேட்கிறார். 'ரொமான்ஸ்'னு இவ சொல்றா. அது 'டெலிரியம்'கூடவும் 'பலுசிஸ்தான்'கூடவும் பொருந்துதுன்னு அவர் சந்தோஷமா எழுதிக்கிறார். அப்புறம் நடுவுல ஒரு இடத்துல, அவ நினைவு உச்சத்துல இருக்கும்போது, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதான்னு கேட்கிறார்.

யோசிச்சுப் பாருங்க. நாம இவ்வளவு நேரம் காதலோட இசைன்னு நினைச்சது ஃப்ரெட்டுக்கும் கேட்டுக்கிட்டிருந்திருக்கு. அவருக்கு அது ரேடியோ இரைச்சல்.

ஜூலை 23, இரவு

வீட்டுக்காரம்மா பக்கத்து ரூம்லேருந்து: "அந்த பியானோவைக் கொஞ்சம் குறைங்க, பிள்ளை தூங்குது."

ஜூலை 25

ஸ்டேஷன் எதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். படத்துல பேர் மில்ஃபோர்ட் ஜங்ஷன். எடுத்தது வட இங்கிலாந்துல, லங்காஷயர் கார்ன்ஃபோர்த்தில். 1945 பிப்ரவரி, போர் இன்னும் முடியலை, லண்டன் பக்கம் ராத்திரியில விளக்குப் போட்டுப் படம் எடுக்க முடியாது. கார்ன்ஃபோர்த் தூரமா இருந்ததால விமானம் வருதுன்னு தெரிஞ்சா அணைக்கிறதுக்கு நேரம் கிடைக்கும். அந்த இருட்டு, அந்தப் புகை, அதுக்கு நடுவுல ஒத்தை பல்பு, எல்லாத்தையும் நான் 'அழகியல்'னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பாதி அழகியல், பாதி குண்டுக்குப் பயம்.

ஜூலை 27, இரவு 12.10

'ஷெர்பூர் குடைகள்', 1964, ஜாக் டெமி. இசை மிஷெல் லெக்ரான். இதை மியூட்ல போடறதுக்கு முன்னாடி அம்மாவோட உட்கார்ந்து சத்தத்தோட பார்த்தேன். படத்துல ஒரு வரிகூடப் பேச்சு கிடையாது. தபால்காரர், நகைக்கடைக்காரர், பெட்ரோல் போடறவர் எல்லாரும் பாட்டாவே பேசறாங்க. முதல் வரியே ஒரு மெக்கானிக் கஸ்டமர்கிட்ட, இஞ்சின் சூடாகிறதுக்கு முன்னாடி கொஞ்சம் தட்டும், அது சகஜம்னு பாடறதுதான். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துட்டு, "என்னடா இது, பாகவதர் காலத்துப் படமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு அடுத்த காட்சியிலேயே ஒர்க்ஷாப்ல ஒருத்தன், எனக்கு ஆப்பெரா ஆகாது, எல்லாரும் பாடிக்கிட்டே இருப்பாங்க, சினிமாதான் பிடிக்கும்னு சொல்றான். அதையும் பாடியே சொல்றான். சப்டைட்டிலைப் படிச்சுக் காட்டினேன், அம்மா அப்புறம் சமாதானமாயிட்டாங்க.

கதை: குடைக்கடைக்காரம்மாவோட பொண்ணு ஷென்வியேவ், மெக்கானிக் கீ. அவனை அல்ஜீரியப் போருக்குக் கூப்பிட்டுடறாங்க. இவ கர்ப்பம். கடிதம் குறையுது. வைர வியாபாரி ஒருத்தர் வந்து எல்லாம் தெரிஞ்சே கட்டிக்கிறார். கீ திரும்பி வரும்போது குடைக்கடையே இல்லை.

அப்புறம் தனியா மியூட்ல ஓட்டினேன். தம்பி, காலண்டர்னு சொன்னீங்க இல்லையா, அது இந்தப் படத்துக்கு ரொம்பப் பொருந்தும், நீங்க நினைச்ச அர்த்தத்துல இல்லை. சுவர்தான் இதுல முக்கியப் பாத்திரம். அரங்க அமைப்பாளர் பெர்னார் எவான் ஒவ்வொரு அறைக்கும் ஒட்டின காகிதத்தைப் பாருங்க: ரோஸும் பச்சையும் பட்டை பட்டையா, ஆரஞ்சுப் பூ, அடிக்கிற நீலம். வயித்துல பிள்ளையோட அந்தப் பொண்ணு நிக்கும்போது அவ கவுனும் பூப்போட்டது, சுவரும் பூப்போட்டது, ஆளே சுவத்துக்குள்ள கரைஞ்சு போற மாதிரி இருக்கு. இனி இவ இந்த வீட்டோட சாமான்கள்ல ஒண்ணுன்னு பாட்டு சொல்லலை, சுவர் சொல்லுது. கீ திரும்பி வரும்போது கடை கைமாறி வெள்ளையடிச்சுக் கிடக்கு. அங்கேருந்து கலர் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுபோய், கடைசிக் காட்சியில பனி, ராத்திரி, ஒரு பெட்ரோல் பங்க்.

இன்னொண்ணு. ராத்திரி தெருவுல ரெண்டு பேரும் சைக்கிளோட போற ஷாட். நடக்கலை. கேமரா டிராலி மேலேயே அவங்களையும் நிக்க வெச்சு இழுத்திருக்காங்க. கால் அசையாம மிதந்து போறாங்க. பாட்டு ஓடும்போது அது காதல் மயக்கம் மாதிரி இருந்துது. மியூட்ல பார்த்தா ரெண்டு பேரையும் ஏதோ ஒண்ணு இழுத்துட்டுப் போற மாதிரி பயமா இருந்துது.

ஜூலை 28

மேல எழுதறதுக்கு முன்னாடி வேற இழையில இதை டெக்னிகலர்னு எழுதியிருந்தேன். தப்பு. ஈஸ்ட்மென்கலர். ரெண்டும் அந்தக் காலத்துக் கலர் பட முறைகள், வேற வேற. அந்தக் காலத்து ஈஸ்ட்மென் பிலிம் வெளுத்துப் போகும், நீலமும் பச்சையும் முதல்ல ஓடிடும், முகமெல்லாம் கருவாட்டு நிறத்துக்கு வந்துடும். டெமிக்கு இது தெரியும். அதனால மூணு நிறத்தையும் தனித்தனியாப் பிரிச்சு மூணு கறுப்பு வெள்ளை பிலிம்ல எடுத்து வெச்சிருந்தார். அவர் 1990-ல இறந்துட்டார். அப்புறம் மனைவி ஆனியஸ் வர்தா முன்நின்னு படத்தைப் புதுப்பிச்சப்போ அந்த மூணு கறுப்பு வெள்ளையிலேருந்துதான் இந்த ரோஸும் பச்சையும் திரும்ப வந்துது.

ஜூலை 30

இந்தப் படத்துக்கு மியூட் சோதனையே செல்லாதுன்னு இப்பத் தோணுது. ஏன்னா பாட்டு முழுக்க முன்னாடியே ஸ்டுடியோவில பதிவு பண்ணி, ஸ்பாட்டுல அதைப் போட்டு வாயசைச்சு எடுத்தது. காத்ரீன் டெனேவ் ஒரு வரிகூடப் பாடலை, அவங்களுக்குப் பாடினது டேனியல் லிகாரி. கதாநாயகனுக்கும் வேற குரல். நமக்கு இதுல விளக்கமே வேண்டியதில்லை. பின்னணிப் பாடகின்னா என்ன, நாக்ரா டேப் ரெக்கார்டர்ல பாட்டை ஓடவிட்டு எடுக்கிறதுன்னா என்னன்னு நம்ம ஊர்ல லைட்பாய் வரைக்கும் தெரியும். அங்கேதான் அது அதிசயம்.

அப்படின்னா ஒரு ஆள் கதவுலேருந்து ஜன்னலுக்கு எத்தனை நொடியில நடக்கணும், எந்த வார்த்தையில திரும்பணும், எல்லாத்தையும் லெக்ரானோட இசை முன்னாடியே முடிவு பண்ணிடுச்சு. நான் மியூட்ல பார்த்ததும் அந்த இசையைத்தான், காதால பார்க்கலை, அவ்வளவுதான். எங்க வேலையும் இதேதான்: முதல்ல டைம்லைன்ல பாட்டைப் போடுவோம், அப்புறம் அதோட தாளத்துக்கு ஷாட்டை வெட்டுவோம். எடிட் முடிஞ்சதும் பாட்டை எடுத்துட்டாலும் தாளம் படத்துல இருக்கும்.

ஆகஸ்ட் 2, இரவு 11

அதே ஜாதி இன்னொரு படம், கிளாட் லெலூஷின் 'ஓர் ஆணும் ஒரு பெண்ணும்', 1966. பாடலாவே உலகம் சுத்தின படம், அந்த 'தபதபதா'வைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. இசை ஃபிரான்சிஸ் லே. இங்கேயும் இசை முதல்ல பதிவு, படம் பிறகு. லெலூஷ் ஸ்பாட்டுல அதைப் போட்டு நடிகர்களைக் கேட்க வெப்பார். பாட்டு எழுதின பியேர் பாரூ படத்துலயும் வர்றார், கதாநாயகியோட செத்துப்போன புருஷனா. அந்தப் பொண்ணு ஆணூக் எமே, எதிர்ல கார் பந்தயக்காரனா ழான் லூயி த்ரென்தின்யான். ரெண்டு பேருக்கும் துணை இறந்துடுச்சு, ரெண்டு பேரோட பிள்ளைகளும் தோவில்ங்கிற கடற்கரை ஊர்ல ஒரே விடுதியில.

மியூட்ல இது தாங்கிச்சு, நான் நினைச்சதைவிட நல்லாவே. கடற்கரையில தூரத்துலேருந்து பெரிய லென்ஸ்ல எடுத்த ஷாட்டுகள்ல கடல், மணல், ஆள் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினாப்ல கிடக்கும். லெலூஷே தோள்ல கேமரா வெச்சு எடுத்தது. நிகழ்காலம் கறுப்பு வெள்ளை, பழைய ஞாபகம் கலர். செத்தவனோட வாழ்ந்த நாள்தான் அவளுக்குக் கலரா இருக்குன்னு சொல்லாம சொல்றார்.

ஆகஸ்ட் 3, காலை

நேத்து கடைசியா எழுதினதை வாபஸ் வாங்கறேன். திரும்ப ஓட்டிப் பார்த்தா நிகழ்காலத்துலயும் கலர் வருது, கடற்கரை, கார் ஓட்டறது எல்லாம். காரணம் கவிதை இல்லை, காசு. முழுக்கக் கறுப்பு வெள்ளையில எடுக்கத்தான் கையில பணம் இருந்துது. அமெரிக்க விநியோகஸ்தர் கலர் வேணும்னு பணம் தந்ததும், வெளிப்புறத்தைக் கலர்லயும் உள்ளே எடுத்ததைக் கறுப்பு வெள்ளையிலயுமா முடிச்சார். அதுவும் கறாரான விதி கிடையாது. கேமரா வேற சத்தம் போடற கேமரா, கம்பளியைப் போர்த்தி அமுக்கியிருக்காங்க.

ஆகஸ்ட் 3, மாலை

மத்தியானமெல்லாம் இதையே யோசிச்சேன். காசு இல்லாம பண்ணினதுன்னு தெரிஞ்ச பிறகு அந்த அர்த்தம் பொய்யாயிடுமா? எடிட் டேபிளுக்கு வந்த பிறகு எந்தத் துண்டு எங்கேன்னு அவர்தானே முடிவு பண்ணினார். மண்டபத்துல கரண்ட் போய், ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் குத்துவிளக்கு வெளிச்சத்துல எடுத்த ஒரு வீடியோ என்கிட்ட இருக்கு. நான் எடுத்ததுலயே நல்ல வீடியோ அதுதான். அன்னைக்கு ஈபியைத் திட்டிக்கிட்டேதான் எடுத்தேன்.

ஒரு சின்ன இடம் மட்டும். மான்டி கார்லோ கார் பந்தயம் முடிஞ்சதும் அவளோட தந்தி வருது, காதலிக்கிறேன்னு. ராத்திரி முழுக்க மழையில காரை ஓட்டிக்கிட்டு வர்றான். போய் என்ன சொல்லணும், பெல் அடிக்கிறதா, கதவைத் தட்டறதான்னு தனக்குத்தானே ஒத்திகை பார்க்கிறான். வைப்பர் இந்தப்பக்கம் அந்தப்பக்கம். மியூட்ல அந்த வைப்பரே தாளம் போட்டுது.

ஆகஸ்ட் 6

'எல்விரா மாடிகன்', 1967, ஸ்வீடன், போ விடர்பெர்க். 1889-ல நடந்த உண்மைக் கதை. கயித்து மேல நடக்கிற சர்க்கஸ் பொண்ணு ஒருத்தி, பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ராணுவத்துலேருந்து ஓடிவந்த அதிகாரி ஒருத்தன். கையில காசு தீர்ந்துபோய், டென்மார்க்ல ஒரு காட்டுல அவன் அவளைச் சுட்டுட்டுத் தன்னையும் சுட்டுக்கிட்டான். அங்கே இது பாட்டாவே ஊர் ஊராப் பரவின கதை, நம்ம கொலைச்சிந்து மாதிரி.

படத்துக்கு வெச்சது மோசார்ட்டின் 21-வது பியானோ கான்செர்ட்டோவில நடுப்பகுதி, 1785-ல எழுதினது, வாசிப்பு கெஸா ஆண்டா. படம் ஓடின ஓட்டத்துல இசைத்தட்டு கம்பெனிகள் அந்த கான்செர்ட்டோவுக்கே 'எல்விரா மாடிகன்'னு பேர் போட்டு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. மோசார்ட் செத்து நூறு வருஷம் நெருங்கும்போது செத்த ஒரு சர்க்கஸ்காரியோட பேர் மோசார்ட் தலையில விடிஞ்சுது.

தம்பி, உங்க கட்சிக்கு ஒரு மார்க் இங்கே விழணும்னு நினைச்சுத்தான் போட்டேன். வெயில், புல்வெளி, மஞ்சள் முடி, வெள்ளைத் துணி. காலண்டர்னா இதுதான். யோர்கன் பெர்சன் ஒளிப்பதிவு, கண்ணை எடுக்க முடியாது. சத்தத்தோட பார்த்தப்ப எனக்கும் கொஞ்சம் திகட்டிச்சு. மியூட்ல என்னாச்சுன்னா, பசி தெரிஞ்சுது. தொடக்கத்துல கிண்ணத்துல பழமும் கிரீமும் சாப்பிடறாங்க. படம் போகப் போகத் தட்டு காலியாகுது, கடைசியில காட்டுல கிடைக்கிறதைப் பொறுக்கித் தின்னுற நிலை. மோசார்ட் ஓடும்போது அது ஏதோ பிக்னிக்கோட தொடர்ச்சி மாதிரி இருக்கும். மோசார்ட்டை எடுத்ததும் ரெண்டு பேரும் என்ன சாப்பிடறாங்கன்னு மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். சாய்ஞ்ச பாட்டில்லேருந்து ஒயின் துணியில பரவற ஷாட், அதுலயும் ஐயோ வீணாப் போகுதேன்னுதான் தோணிச்சு.

கடைசியில அவ ஒரு பட்டாம்பூச்சியைக் கையால பிடிக்கிறா, படம் அப்படியே உறையுது, வெடிச் சத்தம். மியூட்ல வெடிச் சத்தம் கிடையாது. பட்டாம்பூச்சியைப் பிடிச்சா, படம் நின்னுடுச்சு. ஒரு நிமிஷம் பிளேயர் ஹேங் ஆயிடுச்சோன்னு ரிமோட்டைத் தேடினேன்.

ஆகஸ்ட் 7

அந்தப் படத்துல நடிச்ச பியா டெகர்மார்க்குக்கு அந்த வருஷம் பிரான்ஸ் கான் திரைப்பட விழாவில சிறந்த நடிகை பரிசு. நேத்து சொல்ல விட்டுப்போச்சு.

ஆகஸ்ட் 9, இரவு 2

பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'லெ மெப்ரி', 1963. பிரிஜித் பார்தோ, மிஷெல் பிக்கோலி. ஒரு பெண்ணுக்குப் புருஷன் மேல காதல் போய் இளப்பம் வந்துடுது. எப்ப வந்ததுன்னு அவனுக்குப் புரியலை, நமக்கும் உறுதியாத் தெரியாது. ஒளிப்பதிவு ராவுல் குடார். சிவப்பு சோபா, நீல நாற்காலி, வெள்ளைச் சுவர், அந்த ஃப்ளாட்டுக்குள்ள நடக்கிற நீளமான சண்டை. அப்புறம் காப்ரி தீவு, கடல்.

இசை ஜார்ஜ் டெலரூ. தந்தி வாத்தியங்கள்ல ஒரே ஒரு துக்கமான மெட்டு, திரும்பத் திரும்ப வரும். சாதாரணமா ஏதோ பேசிக்கிட்டிருப்பாங்க, திடீர்னு அது எழும், பேச்சு முடியறதுக்குள்ள சடார்னு நிக்கும். யாரோ செத்துட்ட மாதிரி இசை, பேசறதோ போன் வந்ததாங்கிற மாதிரி விஷயம்.

விஷயம் என்னன்னா, இதே படம் இத்தாலியில வெளியானப்போ தயாரிப்பாளர் டெலரூவைத் தூக்கிட்டு பியரோ பிச்சியோனிகிட்ட ஜாஸ் வாங்கிப் போட்டார். படத்தையும் வெட்டினாங்க. அந்த வடிவத்துலேருந்து சில துண்டுகள் பார்த்தேன். டெலரூவோட பார்த்தா பார்தோவோட முகத்துல துக்கம் இருக்கு. பிச்சியோனியோட பார்த்தா அதே முகத்துல சலிப்பு இருக்கு. ரெண்டும் இல்லாம மியூட்ல பார்த்தேன். முகத்துல ஒண்ணுமே இல்லை, தம்பி. நல்ல முகம், அவ்வளவுதான். இந்த ஒரு படத்துல ஆட்டத்தை உங்களுக்கே விட்டுத் தர்றேன்.

இது எனக்குப் புதுசும் இல்லை. நாலு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணம். மறுவீட்டுக்குக் கிளம்பற இடத்துல பொண்ணு கார் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டிருக்கா. சோகப் பாட்டு போட்டுக் கொடுத்தேன். பையன் வீட்டுல ஒரு பெரியவர் போன் பண்ணி, ஏம்ப்பா எங்க வீட்டுக்கு வர்றதுக்கு அவ்வளவு அழுகையான்னு சத்தம் போட்டார். குத்துப்பாட்டு மாத்திக் கொடுத்தேன். ஒரு ஃப்ரேம்கூட மாத்தலை. பொண்ணு இப்ப டூர் போற குஷியில ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கிறா. அவ உண்மையில என்ன நினைச்சுக்கிட்டிருந்தான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. அன்னைக்கு வெயில் ஜாஸ்தி, தலைவலியாக்கூட இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 10

டெலரூவோட அந்த மெட்டை மார்ட்டின் ஸ்கோர்செஸி 1995-ல 'கசினோ'வில எடுத்துப் போட்டிருக்கார். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்குள்ளயும் அது நல்லாவே பொருந்துது. இதை நான் பாராட்டா சொல்றேனா புகாரா சொல்றேனான்னு எனக்கே பிடிபடலை.

ஆகஸ்ட் 12, இரவு

கடைசிப் படம். மாக்ஸ் ஒஃபுல்ஸ், 'மதாம் தெ...', 1953. டானியல் தாரியூ, புருஷனா ஷார்ல் பொயே, காதலனா விட்டோரியோ டி சிகா. கடன் அடைக்கிறதுக்காகப் புருஷன் தந்த காதணியை வித்துடறா, அது கை மாறி கை மாறி அவளுக்கே திரும்ப வருது.

இதுல ஒரு நடனக் காட்சி இருக்கு. அவளும் டி சிகாவும் ஆடறாங்க. உங்களைப் பார்த்து மூணு வாரமாச்சுங்கிறார். கேமரா அவங்களோட சுத்திக்கிட்டே இருக்கு, ஒரு தூணைத் தாண்டி வந்தா உடை வேற, மண்டபம் வேற. இப்ப இடைவெளி சில நாள். இன்னொரு சுத்து, ரெண்டு நாள். அப்புறம் ஒரே நாள். வால்ட்ஸ், அந்த நடன இசை, மட்டும் நிக்கலை. கடைசி சுத்துல மண்டபத்துல வேற யாருமே இல்லை, விளக்கணைக்க ஆள் வந்துட்டான், வாத்தியக்காரங்க மூட்டை கட்டறாங்க. இவங்க இன்னும் ஆடிக்கிட்டிருக்காங்க. ஒரு மாசக் காதலை அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டார். முத்தம் கிடையாது, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தறது மட்டும்தான்.

மியூட்ல இதை எத்தனை தடவை பார்த்தேன்னு எண்ணலை. கேமரா நகர்ற வேகத்துலயே வால்ட்ஸ் எண்ணிக்கை ஓடுது, ஒண்ணு-ரெண்டு-மூணு, ஒண்ணு-ரெண்டு-மூணு. காலால தட்டிக்கிட்டிருந்திருக்கேன், கீழ்வீட்டுக்காரர் காலையில கேட்டார்.

வால்ட்ஸ் மெட்டு ஆஸ்கார் ஸ்ட்ராஸ். 'நீல டான்யூப்'ங்கிற பிரபல வால்ட்ஸை எழுதின ஸ்ட்ராஸ் வேற ஆள். இவர் ஆங்கில எழுத்துல ஒரு எஸ்ஸைக் குறைச்சுக்கிட்டார், அந்தக் குடும்பம்னு யாரும் நினைச்சுடக் கூடாதுன்னு. தமிழ்ல எழுதினா ரெண்டு பேரும் ஒண்ணாயிடறாங்க, பாவம்.

ஆகஸ்ட் 13, காலை

ராத்திரி தூக்கம் வரலை, மேல எழுதின எல்லாத்தையும் திரும்பப் படிச்சேன். நான் தப்பான கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்னு தோணுது. இசை இருந்தா என்ன, இல்லைன்னா என்னன்னு பார்த்தேன். பார்க்க வேண்டியது, அந்த இசை படத்துக்குள்ள யாருக்குக் கேட்குதுன்னு.

ஒஃபுல்ஸ் படத்துல மண்டபத்துல வாத்தியக்காரங்க உட்கார்ந்து வாசிக்கிறாங்க. அவங்களுக்கு நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும். அதனாலதான் அந்த ஆட்டம் வலிக்குது. 'பிரீஃப் என்கவுன்டர்'ல புருஷனுக்குக் கேட்குது, அவர் குறைக்கச் சொல்றார். ஷெர்பூர்ல எல்லாருக்கும் அது பேச்சு, பாட்டுன்னு யாருக்குமே தெரியாது. மீன் தண்ணியைக் கேட்குமா? எல்விராவுக்கும் அவனுக்கும் மோசார்ட் கேட்கவே இல்லை, நமக்கு மட்டும்தான். பசியில கிடக்கிறவங்களுக்கு முன்னாடி நாம ஹெட்போன் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். எனக்குத் திகட்டினது அதனாலதான்னு இப்பப் புரியுது. கோதார் படத்துலயும் யாருக்கும் கேட்கலை, ஆனா கோதார் அதைச் சடார்னு நிறுத்தி நிறுத்தி நம்ம காதைத் திருகறார்.

லெலூஷ் படத்துல? ஸ்பாட்டுல நடிகர்களுக்குக் கேட்டுது, கதாபாத்திரத்துக்குக் கேட்கலை. இது எந்தக் கணக்குல வரும்னு தெரியலை. யோசிச்சுச் சொல்றேன்.

ஆகஸ்ட் 13, மாலை

யோசிச்சேன். தெரியலை.

ஆகஸ்ட் 16

அம்மா இன்னைக்குக் காலையில வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "அந்தக் குடைக்காரப் பொண்ணு கடைசியில கார்ல வந்தாளே"ன்னு ஆரம்பிச்சாங்க. மூணு வாரமாச்சு பார்த்து.

அந்தக் கடைசிக் காட்சி, 1963 டிசம்பர், பனி கொட்டுது. கீக்கு இப்ப சொந்தமா பெட்ரோல் பங்க், பொண்டாட்டி, மகன். பெரிய கார் ஒண்ணு வந்து நிக்குது, உள்ளே ஷென்வியேவ், பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, இவனோட பொண்ணு. பங்க்ல வேலை பார்க்கிற பையன் ஓடி வந்து சூப்பரா, சாதாரணமான்னு பெட்ரோலைக் கேட்கிறான், பாட்டாத்தான். எதுவானாலும் சரிங்கிறா. உள்ளே ரெண்டு பேரும் ரெண்டு நிமிஷம் பேசறாங்க. அவனைப் பார்க்கிறியான்னு... இல்லை, மகளைப் பார்க்கிறியான்னு கேட்கிறா. வேண்டாம்னு தலையாட்டறான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். கார் போயிடுது. லெக்ரானோட மெட்டு வானத்தைப் பிளக்குது, கீ தன் மகனோட பனியை வாரி விளையாடறான்.

அம்மா சொன்னது: "ரெண்டு பிள்ளைக்கும் ஒரே பேர் வெச்சிருக்காங்கடா. கவனிச்சியா?" நான் இத்தனை தடவை பார்த்தும் அதை ஒரு தகவலாத்தான் வெச்சிருந்தேன். மகள் பிரான்சுவாஸ், மகன் பிரான்சுவா. பிரியறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு என்ன பேர்னு ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வெச்சது. அம்மாவுக்கு இசையும் ஞாபகம் இல்லை, சுவர்க் காகிதமும் ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 24

ஆவணி பிறந்து மூணு முகூர்த்தம் முடிஞ்சுது. முதல் கல்யாணத்துல ஒரு வேலை பண்ணிப் பார்த்தேன். தாலி கட்டுற இடத்துக்கு வழக்கமா ஒரு சினிமாப் பாட்டை ஏத்துவோம், ஸ்பாட் சத்தத்தை அடியோட எடுத்துடுவோம். இந்தத் தடவை பாட்டே போடலை. மண்டபத்துல பதிவான கெட்டிமேளம், தவில்காரர் இரும, யாரோ அட்சதை அட்சதைன்னு கத்த, பொண்ணோட சித்தி மூக்கை உறிஞ்ச, எல்லாத்தையும் அப்படியே விட்டேன். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்ட இசை அதுதானே.

நேத்து மாப்பிள்ளை போன் பண்ணினார். "அண்ணே, வீடியோ சூப்பர். தாலி கட்டுற எடத்துல மட்டும் பாட்டு விட்டுப் போச்சுண்ணே. ஒரே இரைச்சலா இருக்கு, குறைச்சுட்டுப் பாட்டு போட்டுத் தர்றீங்களா?"

எந்தப் பாட்டுன்னு கேட்டு வெச்சிருக்கேன். சாயந்திரத்துக்குள்ள மாத்தி அனுப்பணும்.